இடுப்பை அளப்பவர்கள் வேலை நேரத்தையும் அளக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற டீச்சர் என்று பெயர் வாங்கியவள் நான்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸப் குழுவில், ஒரு ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். பொறுப்பில் இருக்கும் நம் மாணவர் ஒருவர், தன் கம்பெனியின் 'வெல்னஸ் வீக்' படங்களைப் போட்டிருந்தார். ஜும்பா நடனம், பழக் கிண்ணம், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கும் போட்டி, ஜெயித்தவருக்குத் தண்ணீர் பாட்டில். எல்லாரும் கைதட்டிப் பொம்மை போட்டீர்கள். கீழே அவரே எழுதியிருந்தார்: "நாங்க எல்லாம் செஞ்சு கொடுக்கிறோம் டீச்சர். ஆனாலும் ரிப்போர்ட்ல எல்லாருக்கும் சுகர், பிரஷர், கொழுப்பு. நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் பத்தாது."

அந்த 'ஒழுக்கம்' என்ற சொல்லுக்குத்தான் இந்தப் பதில். கோபித்துக்கொள்ளாதே தம்பி. ஆனால் சும்மாவும் விடமாட்டேன்.

முதலில் விஷயம் என்னவென்று எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் இதை 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள். ஐந்து அளவுகள். இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டால் ஒன்று. ரத்த அழுத்தம் 130/85 என்றால் ஒன்று. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 என்றால் ஒன்று. டிரைகிளிசரைடு 150 என்றால் ஒன்று. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போனால் ஒன்று. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் பெயர் பதிவாகிவிட்டது என்று பொருள். சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும் வழி இது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிவிட்டது. ஆகவே இது விளையாட்டு இல்லை. கம்பெனிகள் கவலைப்படுவது நியாயம்தான். யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். ஒரே ஊர், ஒரே நிறுவனம். இதய நோய் நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது. பிறகு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிது. (எல்லாப் பழியையும் இருக்கையின் மேல் போட முடியாது என்ற விவாதமும் உண்டு, இருக்கட்டும்.) அந்த நடத்துநர்களுக்கு யாரும் ஒழுக்க வகுப்பு எடுக்கவில்லை. அவர்கள் வேலையே அப்படி அமைந்திருந்தது.

அதே லண்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. பதினான்கு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வேலை அழுத்தத்தில் கிடந்தவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட இந்த மெட்டபாலிக் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கீழ்நிலைப் பதவியில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். அழுத்தம் மேலேயிருந்து வருகிறது, தொப்பை கீழே விழுகிறது.

இப்போது நம் பிள்ளைகளைப் பார்ப்போம். பெயர் சொல்ல மாட்டேன், அவரவருக்குத் தெரியும். ஒருத்தி ஜவுளிக்கடையில் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. மதியம் சாப்பிட இருபது நிமிஷம், மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். இன்னொருவன் திருப்பூரில் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும். பதினோரு மணிக்கு டீயும் பன்னும், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும், இரவு வீட்டுக்குப் போய்ப் பத்தரைக்கு வயிறு முட்டச் சோறு, உடனே படுக்கை. மூன்றாமவன் அமெரிக்கக்காரன் விழித்திருக்கும் நேரத்துக்கு வேலை செய்கிறான். நள்ளிரவில் பிரியாணி, காலை ஏழு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம். இரவு ஷிப்ட் உடம்பின் சர்க்கரைக் கணக்கையே குழப்பும் என்பது மருத்துவத்தில் தெரிந்த சங்கதி. இந்த மூன்று பேரும் என் வகுப்பில் வீட்டுப்பாடம் தவறாமல் செய்த பிள்ளைகள். ஒழுக்கம் பத்தாதாம்!

சரி, இந்த வெல்னஸ் திட்டங்கள் பலனாவது தருகின்றனவா? ஜப்பானில் 2008-ல் சட்டமே போட்டார்கள். 40 முதல் 74 வயது வரை எல்லாருக்கும் இடுப்பை அளக்க வேண்டும், ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 செ.மீ. தாண்டினால் ஆலோசனை. 'மெட்டாபோ' என்பது அங்கே வசைச்சொல்லே ஆகிவிட்டது. ஏறத்தாழ 75,000 ஆண்களின் கணக்கைப் பார்த்து 2020-ல் எழுதினார்கள்: ஓராண்டில் குறைந்த எடை சுமார் 300 கிராம். அதுவும் போகப்போகக் கரைந்துவிட்டது. நம் வீட்டில் ஒரு வேளை சோறு குறைத்தாலே தராசில் அவ்வளவு காட்டும்.

அமெரிக்காவில் ஒரு கடைத் தொடரின் 160 கிளைகளில் இருபதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் திட்டம் நடத்தினார்கள். ஊழியர்கள் 33,000 பேர். ஒன்றரை ஆண்டு கழித்து 2019-ல் முடிவு. "நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம்" என்று சொன்னவர்கள் கூடினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை எதிலும் வித்தியாசம் இல்லை. லீவு எடுப்பதும் குறையவில்லை.

இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர் ஐயாயிரம் பேரிடம் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள், மருத்துவச் செலவு குறைவானவர்கள். முப்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? முதல் பெஞ்சுப் பிள்ளைகள்தான். பின்னாடி உட்காருகிறவன் அன்றைக்குத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருப்பான். அவனுக்காகத்தான் வகுப்பு வைத்தோம் என்று ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"அப்படியென்றால் நடப்பது, சோற்றைக் குறைப்பது எல்லாம் வீணா டீச்சர்?" என்று கேட்காதீர்கள். வீணே இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. மூன்றாண்டில், சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, அவரவர் சாப்பாட்டையும் வேலையையும் கேட்டு, மாதாமாதம் போன் செய்து விசாரித்து, மூன்று வருஷம் விடாமல் தொடர்ந்தார்கள். ஒரு வாரம் ஜும்பா ஆடிவிட்டு பேனரைச் சுருட்டவில்லை.

இன்னொன்று. அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் யார் கைக்குப் போகிறது? எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குக் கம்பெனி முகாமில் சர்க்கரை என்று வந்தது. அடுத்த வாரம் அவள் டீம் லீடர் எல்லார் முன்னாலும், "ஸ்வீட்டை அவங்க பக்கம் நீட்டாதீங்க" என்று சிரித்தார். அடுத்த முகாமுக்கு அவள் லீவு போட்டுவிட்டாள். இப்போது எங்கும் பரிசோதனைக்கே போவதில்லை. முகாம் நடத்தி அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த லாபம் அது.

2021-ல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கினார்கள். எத்தனை கடையில் நாற்காலி இருக்கிறது, இருந்தாலும் உட்காரத் துணிகிறார்களா என்று நம் ஜவுளிக்கடைப் பிள்ளையைக் கேளுங்கள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். என்னைக் கேட்டால் அந்த வாபஸ்தான் அந்த வருஷத்தின் பெரிய ஆரோக்கியத் திட்டம். 2024-ல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' நல்ல யோசனை. வேலை செய்யும் இடத்துக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். ஆனால் "தினமும் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போன பிறகு, ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவன் எந்த நேரத்தில் நடப்பான்?

தம்பி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த வெல்னஸ் வீக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பேனர் அடிக்காதே. ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொள். மூன்று மாதம் இரவு ஏழு மணிக்கு மேல் மீட்டிங் வைக்காதே. சாப்பாட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் விடு. கேன்டீனில் வடைக்குப் பக்கத்தில் சுண்டலும் வை, விலையைப் பாதியாக்கு. இரவு ஷிப்டை ஒரே ஆளுக்கு மாதக்கணக்கில் போடாதே. ரிப்போர்ட்டை டாக்டர் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடு. பிறகு இடுப்பை அள. கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் குழுவில் போடு, நான் திருத்தி மார்க் போடுகிறேன்.

மற்றவர்கள், ரிப்போர்ட்டில் மேலே சொன்ன ஐந்தில் மூன்று இருந்தால் கம்பெனிக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மாத்திரை இலவசம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என் பதிவைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மட்டும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து அவனுக்கு அனுப்பப்போகிறேன்.