கோப்பின் பெயரும் தமிழெழுத்தும்

"கோப்புக்குத் தமிழிற் பெயரிடாதீர், நிரல் குழம்பிவிடும்" எனக் கணினி கற்பிப்போர் அறிவுரை கூறுவர். குற்றம் எழுத்தின்மேற் சுமத்தப்படுகின்றது. இது பொருந்தாக் குற்றச்சாட்டாகும்.

வட்டக்கச்சி அமைந்துள்ள கிளிநொச்சி மாவட்டத்தின் பெயரையே நோக்குக. அதிலுள்ள 'நொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோட் முறையில் இருவகையாக எழுதலாம். ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. எகரக் குறியையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முன்னையது 10 குறியீடுகள், பின்னையது 11. லினக்ஸ் கோப்பு முறைகள் பொதுவாகப் பெயரை வெறும் எண்தொடராகவே ஒப்பிடுவன. ஆதலின் ஒரே கோப்புறையில் இரண்டு 'கிளிநொச்சி' இருத்தல் கூடும். உள்ள கோப்பை நிரல் 'இல்லை' எனவுங் கூடும். ஆப்பிள் நிறுவனம் 1998இல் அறிமுகஞ் செய்த எச்.எவ்.எஸ். பிளஸ் முறையோ பெயர்களைப் பிரித்தே சேமித்தது.

இஃது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகளுக்கும் சிங்கள ஒகரக் குறிக்கும் இதே இருவடிவம் உண்டு. மருந்தும் யூனிகோட்டிலேயே உளது: ஒப்பிடுமுன் இரு பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்கம். பைதன் மொழியில் அது ஓரிரு வரி வேலை. அதனை எழுதாதவர் எழுத்தைப் பழிப்பது முறையோ?

ஆங்கில எழுத்திற் பெயரிட்டால் ஒருமை வந்துவிடுமோ? வட்டக்கச்சியின் டகரத்தை ஒருவர் 'ரி' எழுத்தாலும் மற்றொருவர் 'டி' எழுத்தாலும் குறிப்பர். அவ்விருமையை எந்த இயல்பாக்கமும் தீர்க்காது.

போரிலே ஆவணங்களை இழந்தோர் பலர் வாழும் வன்னியில், இருக்கும் பதிவொன்றை 'இல்லை' எனக் கணினி கூறுவது சிறு பிழையன்று. எழுத்தை மாற்றச் சொல்லாதீர், நிரலைத் திருத்துவீர்.