கரடிக்குக் கீழே ஒரு பி.காம்.

"அம்மா, பொங்கலன்னிக்கு நான் டி.வி.யில வரேன்!"

2012 டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து போன் போட்டு இதைச் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. எங்கள் ஊர் கொல்லிமலையில் குண்டனி நாட்டில் இருக்கிறது. (மலைமேல் இப்படிப் பதினாலு நாடுகள். பாஸ்போர்ட் வேண்டாம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிற்றில் இருப்பது வயிற்றிலேயே இருந்தால் வந்து சேரலாம்.) அங்கே ஒரு வீட்டில் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் மிளகுக் கொடிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அம்மாவிடம் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன். டி.வி.யில் வரப்போவது நான் இல்லை, என் வலது கை. அதுவும் ஒரு கரடிப் பொம்மைக்குள்ளே.

அப்போது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பற்று வரவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தனியார் சேனலில் வேலை பார்த்த நண்பன் ஓடி வந்தான். பொங்கல் ஸ்பெஷல் பல்சுவை நிகழ்ச்சி. நட்சத்திரங்களைக் கலாய்க்க ஒரு கரடி. கரடியை ஆட்டுகிறவருக்குக் காய்ச்சல். "நீதான் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் மாதிரி பேசுவியே, வாடா" என்றான். ரெண்டு நாள் லீவு போட்டேன். ஆபீஸில் சொன்ன காரணம் வயிற்றுப்போக்கு.

பொம்மைக்குள் கையை விட்டு ஆட்டுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள், இப்போதே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று நிமிஷம் வைத்திருந்து பாருங்கள். (பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருப்பீர்கள்.) முதல் நிமிஷம் வீரம். இரண்டாவது நிமிஷம் தோள்பட்டையில் எறும்பு. மூன்றாவதில் அந்தக் கை உங்களுடையதே இல்லை.

அடுத்த பிரச்னை வாய். மனுஷன் பேசும்போது கீழ்த்தாடைதான் இறங்கும். பொம்மைக்கும் அப்படியே, கட்டைவிரலை இறக்க வேண்டும். என்னைப் போன்ற கத்துக்குட்டி மேலே இருக்கிற நாலு விரலையும் தூக்குவான். கரடி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஃபேனைப் பார்க்கும். "கரடிக்குக் கழுத்து சுளுக்கா?" என்று கேமராமேன் கேட்டார்.

மூன்றாவது, மானிட்டர். சோபாவுக்குப் பின்னால் குத்த வைத்திருக்கிற எனக்குக் கரடியின் முகம் தெரியாது. தரையில் வைத்த குட்டி டி.வி.யில்தான் பார்க்க வேண்டும். அது கண்ணாடி மாதிரி காட்டாது. கையை வலதுபக்கம் கொண்டுபோனால் கரடி இடதுபக்கம் போகும். விருந்தினராக வந்த நடிகை கரடிக்கு வலதில் உட்கார்ந்திருக்க, அது இடதுபக்கம் திரும்பி யாருமில்லாத குஷனைப் பார்த்து "நீங்க ரொம்ப அழகு!" என்றது. செட்டே சிரித்தது. ஸ்கிரிப்டில் இல்லாத அந்த ஜோக்தான் கடைசியில் எடிட்டிங்கில் பிழைத்தது.

அந்த நடிகை நல்லவர். ஷாட் முடிந்து எழுந்து போகும்போது சோபாவுக்குப் பின்னால் நீட்டியிருந்த என் காலை ஹீல்ஸால் மிதித்துவிட்டார். "அய்யோ, ஸாரி!" என்று பதறினார். யாரிடம்? கரடியிடம்! நானும் கரடிக் குரலிலேயே "பரவாயில்லைங்க" என்றேன். அதன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. மதியம் இரண்டு மணியாகியும் சாப்பாடு வரவில்லை. கரடி தலையை நீட்டி, "தயாரிப்பாளர் சார், காட்டுல இருந்தா இந்நேரம் ரெண்டு பேரைச் சாப்பிட்டிருப்பேன்" என்றது. விழுந்து விழுந்து சிரித்து எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். மறுநாள் அதையே நான் பொம்மை இல்லாமல் போய்ப் பணிவாகக் கேட்டேன். "யாருப்பா நீ?" என்றார்.

1977-ல் வந்த 'அவர்கள்' படம் பார்த்திருப்பீர்கள். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற சுஜாதாவிடம் நேரில் சொல்ல முடியாததையெல்லாம் ஜூனியர் என்கிற பொம்மையைப் பேசவைத்துச் சொல்வார் கமல். நம் ஆபீஸ்களில் மேனேஜர் முன்னால் போக ஆளுக்கொரு பொம்மை கொடுத்தால் இன்க்ரிமென்ட் விவகாரம் சீக்கிரம் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

என் தோள்வலிக்கு ஒரு பெரிய பரம்பரையே உண்டு என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் என்று ஒருவர். 1955-ல் அம்மாவின் பழைய கோட்டைக் கிழித்து, பிங்பாங் பந்தை வெட்டிக் கண்ணாக ஒட்டி ஒரு பொம்மை செய்தார். அதுதான் பிற்பாடு உலகமெல்லாம் தெரிந்த கெர்மிட் தவளை. தவளையை நடுவில் வைத்து ஒரு பல்சுவை நிகழ்ச்சி நடத்தலாம் என்று கேட்டபோது அமெரிக்க சேனல்கள் உதட்டைப் பிதுக்கின. இங்கிலாந்தின் லூ கிரேடு 'இங்கே வா' என்றார். லண்டன் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் 1976-லிருந்து 1981 வரை 120 எபிசோடு எடுத்தார்கள். அதுதான் 'தி மப்பெட் ஷோ'. செட்டையே தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, அடியில் பொம்மைக்காரர்கள் நின்றபடி, கை மேலே, கண் மானிட்டரில், நெற்றிப் பட்டையில் மைக். நுரேயெவ் என்கிற மாபெரும் பாலே கலைஞர் அங்கே வந்து ஒரு பன்றியோடு ஆடிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பெரிய நட்சத்திரங்கள் வரக் கூச்சப்படவில்லை.

இதில் என்னை அசத்தியவர் ஃபிராங்க் ஆஸ். மிஸ் பிக்கி என்கிற அந்தக் கர்வம் பிடித்த பன்றியம்மாளுக்குக் குரலும் கையும் கொடுத்தவர். 1963-ல் ஹென்சனிடம் வேலைக்குச் சேரும்போது அவருக்கு வயது பத்தொன்பது. 'ஜிம்மி டீன் ஷோ' என்ற பல்சுவை நிகழ்ச்சியில் ரௌல்ஃப் என்று ஒரு நாய். தலையும் இடது கையும் ஹென்சன். வலது கை மட்டும் ஃபிராங்க் ஆஸ்! ஒரு நாயின் ஒற்றைக் கையாக ஆரம்பித்த உத்தியோகம். எங்கள் ஆபீஸில் வவுச்சருக்கு நம்பர் மட்டும் போட்டுக்கொண்டிருந்த என்னைவிடக் கொஞ்சம் மேல்.

அந்த ஜிம்மி டீனுக்குத் தன் கம்பெனியில் நாற்பது சதவிகிதம் தருவதாக ஹென்சன் சொன்னாராம். "அதைச் சம்பாதிக்க நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று மறுத்துவிட்டதாக டீனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு.

1979-ல் வந்த 'தி மப்பெட் மூவி' ஆரம்பத்தில் கெர்மிட் சதுப்பு நிலத்தில் மரக்கட்டைமேல் உட்கார்ந்து பாடும். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஓர் இரும்புத் தொட்டிக்குள் ஹென்சன் மடங்கிக் கிடந்தார். காற்றுக்கு ஒரு குழாய், பார்க்க ஒரு மானிட்டர், கையை மட்டும் ரப்பர் உறை வழியே மேலே நீட்டி! பார்ப்பவர்களுக்குத் தவளை ஹாயாக இருக்கிறது.

ஹென்சன் 1990 மே 16-ந் தேதி நிமோனியாவில் இறந்தபோது வயது 53. நியூயார்க்கில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு யாரும் கறுப்பு உடையில் வரக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அங்கே 'செசமி ஸ்ட்ரீட்'டின் பிக் பேர்டு, எட்டடிக்கு மேல் உயரமான மஞ்சள் பறவை, மெல்ல நடந்து வந்து கெர்மிட்டின் பாட்டைப் பாடியது. உள்ளே இருந்தவர் கரோல் ஸ்பின்னி, ஹென்சனோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பொம்மைப் பறவைக்குக் கண்ணீர் வராது. பாடி முடித்து மேலே பார்த்து, "தேங்க் யூ, கெர்மிட்" என்றது. ஹென்சனுக்கு இல்லை, கெர்மிட்டுக்கு.

என் காலை மிதித்த நடிகைமேல் இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் இதைப் படித்த அன்று போய்விட்டது.

நம் ஊர்க்காரர்கள் இவர்களுக்கெல்லாம் அண்ணன். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பெரிய பொம்மை நாலரை அடி, பத்து கிலோ கூட இருக்கும். அதன் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, வளையத்தைக் கிரீடம் மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு, பொம்மையின் கைகளைக் கம்பியால் ஆட்டுகிறார்கள். அந்தக் கிரீடம் சபையில் யார் கண்ணுக்கும் தெரியாது. அதுக்குத்தான் திரை.

எங்கள் மலைக்கோ பாவைதான் அடையாளமே. கொல்லிப்பாவையைச் சங்கப் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். அசுரர்கள் வந்தால் தானாகச் சிரித்து, மயக்கி, கொன்றுவிடுமாம். தானாக! அடியில் ஆள் வேண்டாம், பேட்டா வேண்டாம், பிரியாணி வேண்டாம்.

பொங்கலன்று ஊரில் எங்கள் வீட்டுக்குள் முப்பது பேர். பெரியப்பா புது வேட்டியில் முன்வரிசை. ரெண்டு நாள் எடுத்தது ஆறு நிமிஷமாகச் சுருங்கி வந்தது. கரடி குஷனைப் பார்த்து ஜொள்ளு விட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கடா நீ?" என்றார் பெரியப்பா.

"அந்தக் கரடி..."

"கரடி தெரியுது. நீ எங்க?"

"அதுக்குக் கீழ பெரியப்பா. தெரியாது. கடைசியில பேர் போடுவாங்க."

அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகன் பாங்க்கில் சேருவான் என்று ஏழு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்தவர். கடைசியில் பெயர்கள் திரையின் ஓரத்தில் எறும்பு சைஸில் குடுகுடுவென்று ஓடின. என் பெயர் வருவதற்குள் அடுத்த நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. "சரி, அடுத்த வாட்டி மேல வாடா" என்று பெரியப்பா கரும்பை ஒடித்துக்கொண்டு கிளம்பினார்.

ராத்திரி தட்டில் களியைப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்:

"உங்கப்பாதான்டா மொதல்ல கண்டுபுடிச்சாரு. கரடி தலையை ஒருபக்கமா சாய்ச்சுது பாரு, 'பரீட்சை மார்க்கு கேட்டா உம் மவன் இப்படித்தான் சாய்ப்பான், அது அவனேதான்'னு சொன்னாரு."

எனக்குக் களி தொண்டையில் நின்றது.

"அப்புறம் ஏம்மா எழுந்து போனாரு?"

"விளம்பரம் போட்டுட்டான்ல?"