பத்து நாட்கள் முன்னதாக

சமீபத்தில் ஒரு மாலை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்த அறையில் ஜெர்மன் கவி காட்ஃப்ரீட் பென்னைப் பற்றிப் பேச்சு வந்தது. பேசிய நண்பர் ஊன்றிப் படிப்பவர். பெர்லினில் தோல் நோய், பால்வினை நோய் வைத்தியராக இருந்த பென், 1912-ல் வெளியிட்ட முதல் தொகுதியிலேயே பிணவறையைக் கவிதைக்குள் கொண்டுவந்து, அதுவரை அழகு என்று சொல்லப்பட்டதையெல்லாம் அறுத்துப் பார்த்தவர் என்றார். உண்மைதான். கடைசியில் ஒருவர் 1933-ஐப் பற்றிக் கேட்டார். 'அது அவருடைய அரசியல், நமக்குக் கவிதை போதும்' என்று பதில் வந்தது. யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சம்பவங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். விஷயம் வரிசையில்தான் இருக்கிறது.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனார். எந்தக் கதவையும் உடைத்துக்கொண்டு வரவில்லை. ஜனாதிபதி கூப்பிட்டு நியமித்தார். பதினாறாவது நாள், பிப்ரவரி 15 அன்று, பெர்லினில் பிரஷ்யக் கலை அகாதெமி கூடியது. அதன் இலக்கியப் பிரிவுக்குத் தலைவர் நாவலாசிரியர் ஹைன்ரிஷ் மன். ஓவியர் கேதே கோல்விட்ஸும் அகாதெமி உறுப்பினர். வரவிருந்த தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றுசேர்ந்து நிற்க வேண்டும் என்று கோரிய ஓர் அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அது பெர்லின் தெருக்களில் ஒட்டப்பட்டிருந்தது. இந்த இருவரும் போகாவிட்டால் அகாதெமியையே மூடிவிடுவதாகப் புதிய அமைச்சர் ருஸ்ட் மிரட்டினார். அகாதெமித் தலைவரான இசையமைப்பாளர் ஷில்லிங்ஸ் அந்த மிரட்டலை உறுப்பினர்களிடம் கொண்டுவந்து வைத்தார். கோல்விட்ஸ் விலகினார். ஹைன்ரிஷ் மன்னும் விலகினார். அங்கே எழுந்து நின்று எதிர்த்து, தானும் வெளியேறியவர் மார்ட்டின் வாக்னர் என்ற கட்டிடக் கலைஞர். எழுத்தாளர்கள் வருத்தப்பட்டார்கள். சிலர் ஆட்சேபமும் தெரிவித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள். அகாதெமி காப்பாற்றப்பட்டுவிட்டது.

சர்வாதிகாரம் எப்படிக் காலூன்றுகிறது என்று கேட்பவர்கள் இந்த ஒரு மாலையைப் பார்த்தால் போதும். ஒரு ஸ்தாபனத்தை வெளியிலிருந்து உடைப்பது சிரமம். ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும், பத்திரிகைகளில் பெயர் கெடும். ஸ்தாபனமே தன்னில் இரண்டு பேரை வெளியே தள்ளும்படி செய்துவிட்டால் செலவு இல்லை. தள்ளியவர்களுக்கு ஒரு நியாயமும் கைவசம் இருக்கும்: 'வீட்டைக் காப்பாற்றினோம்.' அதற்குப் பிறகு வீடு யாருடையது என்ற கேள்வியை அவர்களால் கேட்க முடியாது.

பிப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டிடம் எரிந்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை; பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டன. மார்ச் 13-ல் இலக்கியப் பிரிவு தன் உறுப்பினர்களிடம் ஓர் அறிக்கைக்குச் சம்மதம் கேட்டது. அதை எழுதியவர் பென். அமைச்சர் எழுதிக் கொடுக்கவில்லை, ரகசியப் போலீஸ் எழுதிக் கொடுக்கவில்லை. ஜெர்மன் மொழியின் ஆகச் சிறந்த நவீன கவிகளில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். மாறிவிட்ட வரலாற்று நிலைமையை அங்கீகரித்து அகாதெமியில் தொடர்ந்து பணியாற்றத் தயாரா என்று அது கேட்டது. தயார் என்றால், அரசுக்கு எதிராகப் பகிரங்க அரசியல் செய்யக் கூடாது; தேசியக் கலாச்சாரப் பணிகளில் விசுவாசமாக ஒத்துழைக்க வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

அந்த வாசகத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஹிட்லரைப் போற்றும்படி அது யாரையும் கேட்கவில்லை. யூதர்களை வெறுக்கச் சொல்லவில்லை. வரலாற்றை அங்கீகரிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்வதில் என்ன தவறு? கையெழுத்துப் போட்டவர்களில் பலர் நாஜிகள் அல்ல. அவர்கள் ஒரு சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நடந்துவிட்டது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடும் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. வார்த்தையை உரசிப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த ஒரு தடவை உரசிப் பார்க்கவில்லை.

மார்ச் 23-ல்தான் பாராளுமன்றம் தன் அதிகாரத்தை ஹிட்லரிடம் ஒப்படைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 444 பேர் ஆதரவு, 94 பேர் எதிர்ப்பு. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஒருவர்கூட உள்ளே வர முடியாத சபை அது. சீருடை அணிந்த அடியாட்கள் சூழ்ந்து நிற்க, 94 சமூக ஜனநாயகவாதிகள் இல்லை என்றார்கள். எழுத்தாளர்களைச் சுற்றி அப்படி யாரும் நிற்கவில்லை. தங்கள் மேஜையில் உட்கார்ந்து, தங்கள் பேனாவால் பதில் எழுதலாம். அவர்கள் பத்து நாட்கள் முன்னதாகவே ஒப்படைத்துவிட்டார்கள்.

எல்லோரும் அல்ல. தாமஸ் மன் விலகினார். டோப்ளின் விலகினார். ரிகார்டா ஹூக் என்ற மூதாட்டி விலகினார். அப்போது வயது 68. அவரை நாம் அதிகம் படிப்பதில்லை. நாவலும் சரித்திரமும் எழுதியவர், இடதுசாரி அல்ல, புரட்சிக்காரரும் அல்ல. பழைய ஜெர்மனியை நேசித்தவர். ஷில்லிங்ஸ் அவரைச் சமாதானப்படுத்தக் கடிதம் எழுதினார்; உங்களைப் போன்ற தேசிய உணர்வுள்ளவர் போகலாமா என்ற தோரணை. ஏப்ரல் 9-ல் ஹூக் பதில் எழுதினார். இந்த அரசு தேசிய உணர்வு என்று விதிப்பது தன்னுடைய ஜெர்மானியம் அல்ல. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பதும், கட்டாயப்படுத்துவதும், மாற்றுக் கருத்துள்ளவர்களை இழிவுபடுத்துவதும், தற்பெருமை பேசுவதும் ஜெர்மானியத்துக்கு விரோதமானவை என்பது அதன் சாரம். அவர் நாட்டைவிட்டு ஓடவில்லை. அங்கேயேதான் இருந்தார். ஆக, உள்ளே இருந்தவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது.

பென்னோ மேலே போனார். ஏப்ரல் 24 அன்று வானொலியில் புதிய அரசும் அறிவுஜீவிகளும் என்று பேசி, சிந்தனைச் சுதந்திரத்தை அரசுக்காக விட்டுக்கொடுக்கலாம் என்று வாதித்தார். பிரான்சில் அகதியாக இருந்த க்ளௌஸ் மன் அவருக்குக் கடிதம் எழுதினார். ஹைன்ரிஷின் தம்பி மகன், 26 வயது, பென்னின் கவிதைகளை ஆராதித்தவர். உங்களைப் போன்றவர் அவர்கள் பக்கம் நிற்கலாமா என்று கேட்டார். பென் மறுபடியும் வானொலியில் பதில் சொன்னார்: கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச உரிமை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், மே 10-ல், பல்கலைக்கழக மாணவர்கள் புத்தகங்களை எரித்தார்கள். கல்லாதவர்கள் அல்ல, மாணவர்கள்.

இங்கேதான் நண்பரின் பதில் என்னை உறுத்துகிறது. அரசியல் ஒரு பக்கம், கவிதை ஒரு பக்கம் என்று பென்னை இரண்டாக அறுக்க முடியாது. முன்னேற்றம் என்ற கருத்தின் மீது ஏளனம், சமூகக் கடமை பேசிய எழுத்தாளர்கள் மீது வெறுப்பு, ஜனங்களின் ரசனை மீது அருவருப்பு, இவை 1933-க்கு வெகு முன்பே அவர் எழுத்தில் இருந்தன. நவீனத்துவத்தை மீறி அவர் அங்கே போகவில்லை. நவீனத்துவத்துக்குள்ளேயே அங்கே போக ஒரு பாதை இருந்தது. கூட்டத்தை வெறுப்பவன் கூட்டத்தை ஆளத் தெரிந்தவனிடம் மயங்குவது சுலபம்.

நம்மைப் பார்த்துக்கொள்வோம். முந்நூறு பிரதி அச்சிட்டுக்கொண்டு, வெளியே இருப்பவர்களையெல்லாம் மந்தை என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? தரமில்லாத எழுத்தைக் கண்டித்தது சரி. அதைப் படிப்பவனுடைய ஓட்டும் தரமில்லாதது என்று உள்ளுக்குள் நினைத்தோமா இல்லையா? நல்ல ரசனை நம்மைக் காப்பாற்றும் என்பது நம்மிடையே உலவும் மூடநம்பிக்கை. பென்னின் ரசனையில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது அவரைக் காப்பாற்றவில்லை.

கட்சி சார்ந்த நண்பர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள். சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. சேர்த்தால் 221. ஆனால் கம்யூனிஸ்ட் கட்சி சமூக ஜனநாயகவாதிகளை 'சமூக பாசிஸ்டுகள்' என்று அழைத்துக்கொண்டிருந்தது. அவர்களும் இவர்களை நம்பத் தயாராக இல்லை. ஒன்றுபடுங்கள் என்று கேட்டதற்காகத்தான் ஹைன்ரிஷ் மன்னும் கோல்விட்ஸும் வெளியேற்றப்பட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது அந்த அமைச்சருக்குத் தெரிந்திருந்தது.

இது ஜெர்மானிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 1975 ஜூனில் இங்கே அவசர நிலை வந்தபோது, தணிக்கையாளர் கேட்பதற்கு முன்பே தங்களைத் தாங்களே வெட்டிக்கொண்ட பத்திரிகைகளை நாம் அறிவோம். அந்த வருஷமே கராட் நகரில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைவர் துர்கா பாகவத். வரவேற்புக் குழுத் தலைவரோ மத்திய அமைச்சர் சவாண். அந்த மேடையிலேயே அவசர நிலைக்கு எதிராகத் துர்கா பாகவத் பேசினார். பின்னர் கைதானார். அவரும் ஹூக்கைப் போலக் கட்சி எதிலும் இல்லாத, படிப்பே வாழ்க்கையாக இருந்த பெண்மணி.

என்ன செய்ய வேண்டும் என்றால், வீரம் வேண்டும் என்று சொல்லமாட்டேன். வீரம் தேவைப்படும் கட்டத்தில் நம்மில் பெரும்பாலோர் தோற்றுவிடுவோம். வீரம் தேவைப்படாத கட்டத்திலேயே மறுத்துவிட வேண்டும். ஒரு படிவம், ஒரு பாராட்டுத் தீர்மானம், அழைப்பிதழிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிடலாமே என்ற யோசனை. இவற்றுக்கு 'இல்லை' சொல்வதில் இன்று நஷ்டம் சொற்பம். நாளைக்கு அதே சொல்லின் விலை ஏறிவிடும். அப்புறம், ஒருவரை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் பிழைக்கலாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு கண்ணியமாகச் சொன்னாலும், அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்த வேண்டும்.

பென்னை அரசு சீக்கிரமே கைவிட்டது. 1934-ல் அவருக்கே தெளிவு வந்தது. 1938-ல் எழுதத் தடை விதித்தார்கள். 1950-ல் எழுதிய சுயசரிதையில் க்ளௌஸின் கடிதத்தை எடுத்துப் போட்டு, அந்த இளைஞன் தன்னைவிடத் தெளிவாகப் பார்த்திருந்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தின வருஷமே க்ளௌஸ் தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

பென்னைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிணவறைக் கவிதைகளோடு மார்ச் 13-ஆம் தேதி அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒரே கை எழுதியது. அடுத்த கூட்டத்தில் யாராவது 1933-ஐப் பற்றிக் கேட்டால், டீ வரும்வரை காத்திராமல் பேசுவோம்.