ஆள் சேர்ந்தால் மட்டும் மென்பொருள் ஆகாது

பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் கொஸ்லந்தை. அங்கே மீரியபெத்தை தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண்சரிவு மூடியது. உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பல நாட்களாகச் சரியான விடை கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட தொகை மாறிக்கொண்டே இருந்தது. இத்தகைய கேள்விகளுக்காகவே இலங்கைத் தொண்டர்கள் அதற்குப் பத்தாண்டு முன்னரே ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியிருந்தார்கள். நிரல் எழுத இந்த நாட்டில் ஆட்கள் உண்டு. திரண்டு வருகிறவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, செய்ததைச் சரிபார்த்து, அமைதிக் காலத்திலும் அதைப் பேணுகிறவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றித் திரண்டவர்கள், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணக் கோரிக்கைகள் என்று தனித்தனிப் பகுதிகளாகச் சஹானாவைக் கட்டினார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. சில வாரங்களில் உருவான ஒன்றுக்கு முன்னேற்பாடு எதற்கு என்று கேட்கலாம். அந்த மன்றம் சுனாமிக்கு முன்பே இயங்கி வந்தது. யார் எதைப் பொறுப்பேற்பது என்று பேசிப் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். பிந்திப்போன மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். வருகிற ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல, வேலை தெரிந்த ஒருவர் தன் கைவேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஒழுங்கு வந்தால் தொண்டர்கள் விலகிவிடுவார்கள், எல்லாம் கச்சேரிக் கோப்பாகிவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2010 ஹெய்ட்டி நிலநடுக்க அனுபவத்துக்குப் பின் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தின் தொண்டர்கள் உருவாக்கிய பணிப்பங்கீட்டுக் கருவியைப் பாருங்கள். அது வரைபடத்தைச் சிறு சதுரங்களாக வெட்டுகிறது. ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்ததும் அது மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். அவர் முடித்ததை அனுபவமுள்ள இன்னொருவர் பார்த்து ஏற்பார், அல்லது திருப்பி அனுப்புவார். மேலதிகாரி தலைக்கு மேல் நிற்பதில்லை. செய்மதிப் படத்தைப் பார்த்து ஒரே கூரையை இருவர் வரைந்து நேரத்தை வீணாக்குவதும் இல்லை.

கொஸ்லந்தை இருக்கும் ஊவா மாகாணத்தின் தோட்டங்களில் இந்தச் சரிபார்ப்பு இன்னும் கடினம். செய்மதிப் படத்தில் லயத்துக் கூரை தெரியும். அதன் கீழ் எத்தனை குடும்பம் என்பது தெரியாது. தோட்டத்தில் பலருக்குத் தனி முகவரியே இல்லை, கடிதமும் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வரும். ஒரு தமிழ்ப் பெயரை இரண்டு பேர் ஆங்கிலத்தில் இரண்டு விதமாகப் பதிந்தால், காணாமற்போன ஒருவர் பட்டியலில் இருவராகிவிடுவார். கொழும்பில் எத்தனை வல்லுநர் உட்கார்ந்தாலும் இது தீராது. ஒவ்வொரு டிவிசனிலும் ஆட்களை முகமறிந்த ஒருவர் தமிழிலேயே பார்த்துத் திருத்த வேண்டும்; அவரைத் தேடிப் பிடித்துப் பழக்குவது ஒருங்கிணைப்பாளரின் வேலை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் நிரலை இலவசமாக எழுதட்டும். அவர்களையும் தோட்டத்தாரையும் இணைக்கிற முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கு மாகாண சபை மாதச் சம்பளம் கொடுத்து, ஒக்டோபர் மழை தொடங்குமுன் மீரியபெத்தை அடங்கிய ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவிலிருந்து வேலையை ஆரம்பிக்கட்டும்.