எளியோர் வென்ற எட்டாம் இன்னிங்ஸ்

விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் இடம் உண்டோ என வினவுவோர் இருக்கலாம். கல்விக்கூடம் எதற்காக இருக்கிறது என்னும் வினாவுக்கு எத்திசையிலிருந்து விடை வந்தாலும் அதனை வரவேற்றல் கல்வியாளர் கடன் என்பது நம் கருத்து. அத்தகைய விடை ஒன்று 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், ஜப்பான் நாட்டின் கோஷியென் மைதானத்தில் எழுதப்பெற்றது. எழுதியோர் சாகா கிட்டா என்னும் அரசுப் பள்ளியின் மாணவர்கள்.

ஜப்பானியர்க்குப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டி வெறும் பொழுதுபோக்கு அன்று, கோடைக்காலத் திருவிழா. 1915ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டி, 1924ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற கோஷியென் மைதானத்தில் நடைபெற்று வருகிறது. 2007இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் மாகாண அளவில் மோதின. அவற்றுள் 49 அணிகளே கோஷியெனில் கால்வைத்தன. ஒருமுறை தோற்றாலும் வீடு திரும்ப வேண்டியதே. தோற்ற அணியினர் அம்மைதானத்து மண்ணைக் கண்ணீருடன் அள்ளி எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

சாகா என்பது கியூஷு தீவின் வடமேற்கில் உள்ள சிறிய மாகாணம். அரிதா, இமாரி ஆகிய பீங்கான் கலங்களால் பெயர் பெற்றது. 'கிட்டா' என்றால் வடக்கு. இப்பள்ளி கோடைப் போட்டிக்கு அதற்கு முன் 2000ஆம் ஆண்டில் ஒரே ஒருமுறை வந்ததுண்டு; கோஷியெனில் ஒரு வெற்றியையும் பெற்றதில்லை. பயிற்சியாளர் மொமொஸாகி தொஷிகத்சு அப்பள்ளியின் ஆசிரியரே ஆவார். இத்தகைய அணி பட்டம் வெல்லும் என யார் எதிர்பார்த்திருக்க முடியும்?

இறுதிப் போட்டியில் எதிர்நின்றது ஹிரோஷிமாவின் கோரியோ பள்ளி. வசந்தகாலத் தேசியப் போட்டியில் மும்முறை பட்டம் வென்ற புகழ் அதற்கு உண்டு. ஆயினும் கோடைப் பட்டம் அதற்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 1927இலும் 1967இலும் இறுதிப் போட்டியில் தோற்ற அப்பள்ளி, மீண்டும் நாற்பதாண்டு கழித்து அவ்வாயிலில் வந்து நின்றது. அதன் பந்து வீச்சாளர் நொமுரா யூசுகே, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பெயர் பெற்றவர்.

கிரிக்கெட்டை அறிந்த நம்மவர்க்கு ஆட்டத்தின் முறையை ஓரிரு சொற்களில் கூறலாம். இரு அணிகளும் ஒன்பது இன்னிங்ஸ் மாறி மாறி மட்டை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் மூவர் ஆட்டமிழக்கும் வரையே வாய்ப்பு. மூன்று தளங்களைக் கடந்து புறப்பட்ட இடத்துக்கே மீள்பவர் ஓர் ஓட்டம் பெறுவார். உரிய எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகள் வீசப்பட்டால் மட்டையாளர் முதல் தளத்துக்கு நடந்தே செல்லலாம். மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கும்போது பந்து வேலிக்கு அப்பால் சென்று விழுந்தால் ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள்.

ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது கோரியோ நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தது. சாகா கிட்டா எடுத்தது ஒன்றுமில்லை. நொமுராவின் பந்தை அதுவரை முறையாக அடித்துத் தளம் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்றே ஒன்று. எட்டாம் இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்த பின் நிலைமை மாறிற்று. இருவர் அடித்துத் தளம் சேர்ந்தனர், ஒருவர் நடந்து சேர்ந்தார், தளங்கள் நிறைந்தன. அடுத்தவர்க்கும் நான்காம் பந்து எல்லைக்குப் புறம்பானது என நடுவர் அறிவிக்கவே, ஓர் ஓட்டம் தானாக வந்தது. பின்னர் வந்த சொயேஜிமா ஹிரோஷி பந்தை இடப்பக்க வேலிக்கு அப்பால் அனுப்பினார். ஐந்துக்கு நான்கு! வெற்றி சாகா கிட்டாவுக்கு. அவ்வாண்டுப் போட்டியின் முதல் ஹோம் ரன்னை அடித்தவரும் இதே சொயேஜிமாதான்.

ஜப்பானியச் செய்தித்தாள்கள் இதனைக் 'கபாய் சூறாவளி' என்றன. 'கபாய்' என்பது சாகா வட்டார வழக்கில் 'மிக' எனப் பொருள்படும். பலர் அற்புதம் என்றனர். இந்தச் சொல்லோடுதான் நமக்கு வேறுபாடு உண்டு.

அற்புதம் என்பது ஒரு நொடியில் நிகழ்வது. சாகா கிட்டாவின் கணக்கோ வேறு. போட்டியின் தொடக்க ஆட்டத்தில் ஃபுகுயி வணிகப் பள்ளியை வென்ற அவ்வணி, அடுத்த ஆட்டத்தில் 15 இன்னிங்ஸ் ஆடி, நான்குக்கு நான்கு என்னும் சமநிலையில் முடித்தது. மறு ஆட்டத்தில் ஒன்பதுக்கு ஒன்று என வென்றது. காலிறுதியில், தேசியப் பட்டங்களை முன்னரே வென்றிருந்த தோக்கியோவின் தெய்க்கியோ பள்ளியை 13 இன்னிங்ஸில் வீழ்த்தியது. மட்டையால் பந்தை மெல்லத் தட்டி வெற்றி ஓட்டம் எடுக்க எதிரணி இருமுறை முயன்றது. இருமுறையும் பந்து வீச்சாளர் குபோ தகாஹிரோ பாய்ந்து பந்தெடுத்து ஓட்டத்தைத் தடுத்தார். இவ்வாறு பதினைந்து நாள்களில் 7 ஆட்டங்கள், 73 இன்னிங்ஸ்! ஒன்பதொன்பதாக ஆறு ஆட்டங்கள் ஆடிப் பட்டம் பெறும் அணிக்கு 54 இன்னிங்ஸே வரும். ஓர் அடி அதிர்ஷ்டமாய் அமையலாம். 73 இன்னிங்ஸ் அதிர்ஷ்டமாய் அமைதல் இல்லை. அற்புதம் என்னும் சொல், வியர்வையை மறைக்கும் பட்டுத்துணி.

வள்ளுவர் வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும், அதனை அடுத்து இடனறிதலையும் வைத்த முறை ஈண்டு நினைக்கத்தக்கது. வலியால் குறைந்தவர்க்குக் காலமும் இடமும் துணையாதல் உண்டு. ஆனால் அக்காலம் வரும்வரை தோற்காமல் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஓட்டங்கள் பின்தங்கியும் எட்டாம் இன்னிங்ஸ் வரை மனம் தளராது நின்றதே அம்மாணவர்களின் உண்மையான வெற்றி எனலாம்.

இவ்வெற்றி அவ்வாண்டில் பெரிதும் போற்றப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. பேஸ்பால் ஆடுபவர் என்பதற்காக மட்டும் ஒரு மாணவர்க்குக் கட்டணச் சலுகை போன்றவற்றை வழங்குதல் கூடாது என்பது அன்று ஜப்பானிய மாணவர் பேஸ்பால் சாசனத்தின் விதியாக இருந்தது. 2007இன் முற்பகுதியில் நடந்த விசாரணையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அவ்விதியை மீறியிருந்தமை வெளிப்பட்டது. திறனாளரைத் தேடிப் பிடித்து வெற்றியை விலைக்கு வாங்கும் போக்குக் குறித்து நாடே பேசிக்கொண்டிருந்த வேளையில், தன் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டே ஓர் அரசுப் பள்ளி பட்டம் வென்றது. அரசுப் பள்ளி ஒன்று கோடைப் பட்டம் பெறுதல் 1996க்குப் பின் அதுவே முதன்முறை.

எனினும் எளியோர்பால் கொண்ட அன்பு நம் நடுவுநிலையைக் கெடுத்தல் ஆகாது. ஓர் ஓட்டத்தைத் தந்த அந்நான்காம் பந்து எல்லைக்கு உட்பட்டதே எனக் கருதியோர் பலர். கோரியோவின் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்தபின் நடுவரின் தீர்ப்பை வெளிப்படையாகக் குறைகூறி, அதற்காகக் கூட்டமைப்பின் எச்சரிக்கைக்கு ஆளானார். அரங்கம் முழுவதும் எளிய அணியின் பக்கமே ஆர்ப்பரித்தமையால் கோரியோ மாணவர்கள் தனித்து விடப்பட்டனர் என்பதும் உண்மை. அவர்களும் பள்ளிச் சிறுவர்களே. அவர்கள் சிந்தியதும் வியர்வையே. தோற்றவரின் குறையைக் காது கொடுத்துக் கேளாத மகிழ்ச்சி, அறத்தோடு கூடிய மகிழ்ச்சி ஆகாது. அதே வேளையில், அத்தீர்ப்பு தந்தது ஓர் ஓட்டம் மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். தளங்களை நிறைத்த அடிகளும், பின்னர் வந்த ஹோம் ரன்னும் நடுவர் கொடுத்தவை அல்ல.

தோல்வி ஒருவரை முடித்துவிடுவதில்லை என்பதற்கும் அவ்வாட்டமே சான்று. அன்று கண்கலங்கி நின்ற நொமுரா, பின்னர் ஹிரோஷிமாவின் தொழில்முறை அணியில் சேர்ந்து, 2016இல் 16 வெற்றிகளுடன் தம் லீக்கில் முதலிடம் பெற்றார். வென்ற அணியின் குபோவோ வேறு வழியில் சென்றார். பல்கலைக்கழகக் கல்விக்குப் பின் தம் பழைய பள்ளிக்கே பயிற்சியாளராய்த் திரும்பி, 2019இல் அதனை மீண்டும் கோஷியெனுக்கு அழைத்து வந்தார். இருவர் வாழ்வும் சிறப்புடையவை. ஆயினும் கல்விக்கூடத்தின் கண்கொண்டு நோக்கின், பெற்ற இடத்துக்கே திரும்பிக் கொடுத்தவரின் செயல் நம் நெஞ்சைக் கூடுதலாகத் தொடுகிறது.

ஒரு வெற்றியால் உலகம் மாறிவிடும் என நாம் கூறவில்லை. 2007க்குப் பின் 2025 வரை அரசுப் பள்ளி எதுவும் கோடைப் பட்டத்தை வென்றதில்லை. 2018இல் அகிதா மாகாணத்தின் கனாஅஷி வேளாண் பள்ளி இறுதிவரை வந்து, ஒசாகாவின் தோயின் பள்ளியிடம் தோற்றது. வசதியும் வாய்ப்பும் ஓரிடத்தில் குவிந்துகொண்டே போகும்போது, எளியோரின் வெற்றி அரிதாகிக்கொண்டே போகும். அரிதாவதனாலேயே அதன் பொருள் குறைந்துவிடாது.

கல்விக்கூடங்களை நடத்துவோர்க்கும் அவற்றில் பயில்வோர்க்கும் நாம் சொல்ல விழைவது இதுவே. முன்னரே ஒளிரும் விளக்குகளைச் சேர்த்து வைத்து வெளிச்சம் காட்டுதல் எளிது. தன்னிடம் வந்து சேர்ந்த திரியில் எண்ணெய் வார்த்து ஏற்றுதலே ஆசிரியப் பணி. சாகா கிட்டா செய்தது அப்பணி. பட்டம் வராமல் போயிருந்தாலும் அது சிறந்த பணியாகவே இருந்திருக்கும். பட்டமும் வந்தமையால் உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது.