பேய்க் கதை படிக்கட்டும் பிள்ளைகள்!

"பேய்க் கதை படிக்கிற பிள்ளை உருப்படாது" என்பது பெரியவர்கள் பலரின் முடிவான தீர்ப்பு. பாடப் புத்தகத்துக்குள் மர்ம நாவலை மறைத்து வைத்துப் படித்து, அகப்பட்டு, வசவு வாங்காதவர் நம்மில் எத்தனை பேர்?

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நமக்குப் பேயை அறிமுகப்படுத்தியது புத்தகமா? "உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே", "இருட்டிய பின் ஆற்றங்கரைக்குப் போகாதே" என்று சோற்றோடு அச்சத்தையும் பிசைந்து ஊட்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. எழுத்து அறியும் முன்பே பேயை அறிந்துவிட்டோம்! காதால் கேட்ட அந்தப் பேயை ஓட்ட, கண்ணால் படிக்கும் பேய்தான் ஏற்றது என்பது என் கருத்து.

வீட்டுப் பேய்க் கதை "போகாதே" என்பதோடு முடிந்துவிடும். நல்ல மர்ம நாவலோ அங்கேதான் தொடங்குகிறது. "போய்ப் பார்" என்கிறது. பாழடைந்த பங்களாவில் விளக்கு எரிகிறதா? ஏற்றியவன் யார்? ஊரார் அஞ்சி ஒதுங்குவதால் யாருக்கு ஆதாயம்? 1902-இல் நூலாக வந்த கோனன் டாயிலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையில் ஒரு குடும்பத்தையே நடுங்க வைக்கிறது ஒரு பேய் நாய். அதன் முகத்தில் பாஸ்பரஸ் பூசி ஒளிரச் செய்தவன், சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினன். பேய்க்குப் பின்னால் ஒரு மனிதன். அவனுக்குப் பின்னால் பேராசை!

நம் வேதாளம் மட்டும் சளைத்ததா? 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், பிணத்தைத் தோளில் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கரின் தூரிகை தலைமுறைகளின் நெஞ்சில் பதித்தது. அந்த வேதாளம் கடிக்கவில்லை, கேள்வி கேட்டது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்றது. சிறுவர்க்கு இதைவிட நல்ல பாடம் ஏது? பின்னர் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', பேயா விஞ்ஞானமா என்று இளைஞர்களை வாதாட வைத்தது.

எல்லாப் பேய்க் கதைகளையும் நான் ஆதரிக்கவில்லை. வெள்ளைச் சேலையும் கொலுசொலியும் காட்டி மிரட்டி, இறுதியில் மந்திரவாதிக்கே வெற்றி தேடித் தரும் கதைகள் பழைய புளியமரத்தையே அச்சிட்டுத் தருகின்றன. அவற்றை ஒதுக்குவோம். ஆனால் களை இருக்கிறது என்று வயலையே கொளுத்தலாமா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் திருமுக்கூடலைப் பாருங்கள். வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், இங்கே 15 படுக்கைகளுடன் ஆதுலசாலை இருந்ததை வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகிறது. வைத்தியருக்கும் அறுவை செய்வோருக்கும் அன்றே ஊதியம் வகுத்த மண் இது! இம்மண்ணில் வலிப்பு வந்த பெண்ணை "பேய் பிடித்தது" என்று வேப்பிலையால் அடித்தால், அது பிணிக்குப் பரிகாரமா? மணல் அள்ளிய பள்ளத்தில் ஒரு சிறுவன் மூழ்கினால், "ஆற்றில் மோகினி இழுத்துவிட்டது" என்று ஊர் பேசலாம். அப்படிப் பேசும் வரை பள்ளம் தோண்டியவனை யார் கேட்பார்? மோகினியின் மீது வழக்குப் போட முடியாதல்லவா!

ஆகவே எழுத்தாற்றல் உள்ள தோழர்களே, நம் ஆற்றங்கரையை வைத்தே ஒரு மர்ம நாவல் எழுதுங்கள். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள் நடுங்கட்டும். விளக்கை அணைக்க அஞ்சட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுமி கைவிளக்குடன் அந்தப் பள்ளத்தருகே சென்று, மணலில் பதிந்த லாரிச் சக்கரத் தடத்தைக் காணட்டும். அந்த நாவலை நூலகங்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும்.

பேயைத் தேடிப் போகிற பிள்ளைதான் உண்மையைக் கண்டு வரும்.