எந்தப் படை? எவர் தேர்வது?

தோழனே!

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தி, "படையில் சேரப் போகிறேன்" என்கிறாள். அன்னை அழுகிறாள், அத்தை அலறுகிறாள். மேடைதோறும் பெண்ணுரிமை முழங்கிய தந்தையோ, "செவிலியர் பிரிவு என்றால் போய் வா, மகளே!" என்று பேரம் பேசுகிறார். செவிலியர் பணி சிறுமையன்று. குண்டடிபட்டவனைக் காக்கும் கரம், குண்டு தொடுக்கும் கரத்தினும் தாழ்ந்ததன்று. ஆனால் அந்தப் பிரிவை அவள் தேர்ந்தாளா, தந்தை தேர்ந்தாரா?

அந்தத் தந்தை செய்ததைத்தான் டில்லியும் செய்தது. 1992-இல் தரைப்படையின் சில பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு இடம் தந்தனர். நமது பரங்கிமலையிலேயே பயிற்சியும் தந்தனர். தந்தது குறுகிய காலப் பணி. நிலையான பணி கேட்டு மங்கையர் வழக்காடினர். 2010-இல் டில்லி உயர்நீதிமன்றம் "கொடு" என்றது. அரசோ மேல்முறையீட்டுக்கு ஓடிற்று. பத்தாண்டு இழுத்தடித்து, உச்சநீதிமன்றத்திலே வைத்த வாதம் என்ன தெரியுமா? சிப்பாய்களில் பெரும்பாலோர் சிற்றூரினராம். பெண்ணின் கட்டளைக்குப் பணியும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லையாம்! நாடகம் எழுதுபவன் நான்; கோமாளி வேடத்துக்குக்கூட இப்படியொரு வசனம் எழுதத் துணிந்ததில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.

பெண்ணை மட்டுமா பழித்தார்கள்? சிற்றூரானையும் சேர்த்தல்லவா பழித்தார்கள்! 1943-இல் சிங்கப்பூரிலே ஜான்சி ராணிப் படை எழுந்தது. சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். அணிவகுத்த பெண்களில் மிகப் பலர் யார்? மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள்! பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி தூக்கின. அதைக் கண்ட நாட்டிலே, 77 ஆண்டுகள் கழித்து, "ஆண்மகன் ஏற்க மாட்டான்" என்கிறது அரசு!

பள்ளி முடித்த கையோடு புனே அருகேயுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குச் செல்லும் வழி நெடுங்காலம் மாணவனுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே மாணவியர் அத்தேர்வை எழுத முடிந்தது. அகாடமியின் 370 இடங்களில் அவர்களுக்கு எத்தனை? 19! தரைப்படைக்கு 10, கடற்படைக்கு 3, வான்படைக்கு 6. பந்தி விரித்துவிட்டுப் பருக்கை எண்ணிப் போட்ட பெருந்தகைமை! அந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று தேறி வெளிவந்தனர். வான்படையிலே 2016 முதல் பெண்கள் போர்விமானம் ஓட்டுகின்றனர். பீரங்கிப் படைக்கு 2023-இல் வந்துவிட்டனர். காலாட்படைக் கதவோ இன்னும் திறக்கவில்லை.

எந்தப் படை என்ற கேள்விக்கான விடை, பதினொன்றாம் வகுப்பில் பிரிவு கேட்கும் நாளிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது, தோழனே! இதை அவளுக்குச் சொல்வார் இல்லை. கடற்படைக்கும் வான்படைக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். எந்தப் பிரிவு படித்தாலும் தரைப்படைக்கு எழுதலாம். "பெண்ணுக்குக் கணக்கு எதற்கு?" என்று சொன்ன வீட்டில், கடலும் வானும் அன்றே பறிபோயின.

அடுத்த தடை மொழி. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. வடபுலத்து நங்கை தாய்மொழியில் எழுதுவாள். தேனியிலும் திருவாரூரிலும் அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற நம் பெண், அன்னியமொழி ஒன்றில் அவளோடு போட்டியிட வேண்டும். மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழிலும் நடத்துவதாக 2023-இல் அறிவித்து, 2024-இல் நடத்தியும் காட்டினார்களே! காவலருக்குத் தமிழ், அதிகாரிக்கு இந்தி என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கேள்வியை நாம் மன்றங்களிலே கேட்போம். நீ உடனே செய்ய வேண்டியது ஒன்று. ஆண்டுக்கு இருமுறை அந்தத் தேர்வுக்கு அறிவிப்பு வருகிறது. பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடைப்பட்ட அகவையினர் எழுதலாம். அந்த அறிவிப்பை நம் படிப்பகத்துச் சுவரில், பெண்கள் வந்து படிக்கும் பக்கத்தில் ஒட்டு. பெண்கள் வரும் பக்கமே உன் படிப்பகத்தில் இல்லையென்றால், ஞாயிறு மாலைக்குள் ஏற்பாடு செய்.